இடது அக்குளில் ஒரு கல்

போன வாரம் மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷன் மீன்கடையில் கணவாய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஹரிணி கூப்பிட்டாள். சென்னைப் பெண். இங்கே பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துவிட்டு, நான் முன்பு வேலை செய்த நீர்வாழ் காட்சியகத்தில் இப்போது பராமரிப்பாளராக இருக்கிறாள். தோள்மூட்டு நோவால் நான் முன்கூட்டியே ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்தவள்.

"ஆன்ட்டி, உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். கலேகிட்ட இருக்கிற கல்லையெல்லாம் எடுத்துடச் சொல்றாங்க. கண்ணாடி கீறுதாம். நீங்க இருந்தப்ப ஏன் எடுக்கலை?"

கலே என்பது எங்கள் கடல் நீர்நாயின் பெயர். பிரெஞ்சில் கடற்கரைக் கூழாங்கல்லுக்கு அப்படிச் சொல்வார்கள்.

"எடுத்தனாங்கள் பிள்ளை," என்றேன். "ஒருக்கா எடுத்தனாங்கள்."

"அப்புறம்?"

கையிலிருந்த கணவாயைத் திரும்ப ஐஸில் வைத்தேன். கடைக்காரர், "அக்கா, வேண்டுறியளோ இல்லையோ?" என்றார். அந்த இடத்தில் வைத்து எனக்குக் கதைக்க வரவில்லை. பேந்து எழுதித் தருகிறேன் என்று ஹரிணியிடம் சொன்னேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது தற்செயல். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பிரெஞ்சு வகுப்பு முடித்து, விலங்கு நலத் தொழில்நுட்பம் படித்தேன். நாய் பூனை ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைத்தது நீர்வாழ் காட்சியகத்தின் மீன் சமையலறை. முதல் இரண்டு வருடமும் சிப்பி திறந்தேன், இறால் எண்ணினேன், நண்டின் காலை ஒடித்தேன். வீட்டுக்குப் போனால் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

நீர்நாய்ப் பிரிவுக்கு என்னை எடுத்தவர் ஜினெட். பிரிவுத் தலைவி, கெபெக் மாகாணத்துக்காரி, ஒல்லியான நெடிய பெண்மணி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒன்று பிடிக்காவிட்டால் பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். கை கழுவித் துடைத்த பிறகு ஐந்து விரலையும் அதில் வைக்க வேண்டும். அடையாளம் விழுந்தால் திரும்பக் கழுவ வேண்டும். முதல் நாள் நான் நான்கு தடவை கழுவினேன். ஜினெட் என் தலைமயிரைக் குனிந்து மணந்து பார்த்துவிட்டு, "இது என்ன?" என்று கேட்டார்.

"தேங்காய் எண்ணெய்."

"நல்ல வாசம்," என்றார். "இங்கே வேண்டாம்."

அன்றோடு எண்ணெய் வைப்பதை விட்டேன். கையில் பூசும் கிரீம், உதட்டுப் பூச்சு எல்லாம் போயின. மொன்றியல் பனிக்காலத்தில் கிரீம் இல்லாமல் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், விரல் முட்டிகள் எப்படி வெடிக்கும் என்று.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று ஜினெட் விளக்கியபோதுதான் எனக்கு இந்தப் பிராணியில் ஆவல் பிடித்தது. திமிங்கிலமும் சீலும் தோலுக்கு அடியில் கொழுப்பைப் போர்த்துக்கொண்டு குளிர்கடலில் வாழ்கின்றன. கடல் நீர்நாய்க்கு அந்தக் கொழுப்பு இல்லை. அதற்கு இருப்பது மயிர் மட்டுமே. ஒரு தபால்தலை அளவு தோலில், நம் தலை முழுவதும் இருப்பதைவிட அதிகமான மயிர். அந்த அடர்த்திக்குள் காற்று சிக்கி நிற்கும். தண்ணீர் தோலைத் தொடாது. பசிபிக் கடலில் பிறந்து, அங்கேயே தூங்கி, அங்கேயே குட்டி போட்டு, தோல் நனையாமலே வாழ்ந்து முடிக்கும் விலங்கு. ஆனால் கொஞ்சம் எண்ணெய் பட்டால் மயிர் ஒட்டிப்போகும், காற்று போய்விடும், குளிர் உள்ளே இறங்கும். அதனால்தான் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி கோதிக்கொண்டும் உருண்டுகொண்டும் மயிருக்குள் ஊதிக்கொண்டும் இருக்கிறது. உடம்புச் சூட்டுக்காகத் தன் எடையில் கால்பங்கை ஒவ்வொரு நாளும் தின்கிறது. மிச்ச நேரத்தில், மயிரில்லாத உள்ளங்கைகளைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்துக்கொண்டு மல்லாந்து மிதக்கிறது. நாங்கள் செயின்ட் லோரன்ஸ் ஆற்றங்கரையில் இருந்துகொண்டு, மூட்டை மூட்டையாக உப்புக் கரைத்து அதற்கு ஒரு கடல் செய்து கொடுத்தோம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அக்குள். முன்கால்களின் அடியில் தோல் தொளதொளவென்று பைபோல மடிந்திருக்கும். அதற்குள் சிப்பி வைக்கும், நண்டு வைக்கும், பிடித்த கல்லை வைக்கும். கலே இடதுபக்கப் பையைத்தான் பாவிப்பாள். வலது கையால் கல்லை எடுத்து மார்பில் வைத்து, அதன்மேல் சிப்பியை டக் டக் என்று அடித்து உடைப்பாள். தின்று முடிந்ததும் கல் திரும்பப் பைக்குள் போகும். என் கைப்பையை நான் வைத்திருப்பதைவிட ஒழுங்காக வைத்திருந்தாள்.

அந்தக் கல்லால் பார்வையாளர் கண்ணாடியையும் அடித்தாள். சிறுவர்கள் மூக்கை வைத்துப் பார்க்கும் உயரத்தில் கீறல் விழத் தொடங்கியது. மேலிடத்தில் முறைப்பாடு. ஜினெட் இரண்டு நாள் பேச்சை நிறுத்தினார். பிறகு நீரடியில் கிடந்த கற்களை எல்லாம் வாரினோம். கடைசியாகக் கலேயின் கையிலிருந்த கல்லை, முட்டை அளவு கறுப்புக் கல், ஒரு நண்டைக் கொடுத்து நான்தான் வாங்கினேன். ஜினெட் அதைத் தன் அறைச் சன்னலில் வைத்தார். சிப்பிகளை நாங்களே திறந்து கொடுக்கத் தொடங்கினோம். வேலை கூடினாலும் கண்ணாடி தப்பியது.

சில மாதத்தில் கலே குட்டி போட்டாள். பிறந்த குட்டியின் மயிர் பஞ்சு. அதில் காற்று அவ்வளவு நிறைந்திருப்பதால் அது நினைத்தாலும் தாழ முடியாது. தாய் அதைத் தண்ணீரில் மிதக்க விட்டுவிட்டு இரை தேடி அடியில் போவாள். குட்டி போத்தல் தக்கை மாதிரி அந்த இடத்திலேயே ஆடிக்கொண்டு கத்தும். தக்கைக்குப் பிரெஞ்சில் பூஷோன். அதுவே அதன் பெயராயிற்று.

குட்டி பிறந்த நாளிலிருந்து முக்குளித்து வேலை செய்யும் சுழியோடிகளைக் குளத்துக்குள் இறக்கவில்லை. கலே கடிப்பாள் என்பதற்காக மட்டுமல்ல. பயந்தால் குட்டியைக் கைவிடக்கூடும் என்று ஜினெட் சொன்னார். கண்ணாடியின் வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்த்தோம். அதில் ஒரு மூலை மட்டும் தெரியாது. செயற்கைப் பாறைக்குப் பின்னால், குளத்தின் ஆழமான இடத்தில், தண்ணீரை வடிகட்டிக்கு இழுக்கும் வடிகால் வாய் இருந்தது. மேலே சல்லடை போன்ற ஒரு கனமான மூடி.

பூஷோனுக்குப் பஞ்சுமயிர் உதிரத் தொடங்கிய நாட்களில் கலேயின் இடது விலாவில் ஒரு நனைந்த திட்டைக் கண்டேன். உள்ளங்கை அகலம். மற்ற இடமெல்லாம் பளபளவென்று நிற்க, அந்த இடம் மட்டும் ஈரத் துவாய் மாதிரி ஒட்டிக் கிடந்தது. அவள் அதையே கோதினாள். கோதக் கோத அது பெருத்தது.

ஜினெட் எங்கள் எல்லோரையும் கண்ணாடித் துண்டுக்கு முன்னால் நிறுத்தினார். ஒருவரின் விரலும் பதியவில்லை. தண்ணீரைச் சோதித்தோம், சுத்தம். மீனின் கொழுப்போ என்று இரையை மாற்றினோம். இல்லை. எனக்கு இரவில் நித்திரை குறைந்தது. என் மகள் ஆரபிக்கு நான் காலையில் எண்ணெய் தேய்த்துத் தலை பின்னுகிறேனே, அதுவோ என்று பயந்து அவளுக்கும் நிறுத்தினேன்.

"நீர்நாய்க்காக நான் என் தலைமயிரைக் காயப்போட வேணுமோ?" என்று கேட்டாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அந்த வசந்தத்தில் நான் அவளுடைய சைக்கிளையும் பறித்து நிலவறையில் பூட்டி வைத்திருந்தேன். லொங்குய்ய் தெருவில் ஒரு தடவை விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள், அதற்காக.

இதே நாட்களில் கலே எங்களுக்குப் போல்ட் கொண்டுவந்து தந்தாள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. குளத்துக்குள் விழுந்த மயிர்க்கிளிப்பையோ நாணயத்தையோ விலங்கு கொண்டுவந்து தந்தால், அதை விழுங்காமல் தந்ததற்காக ஒரு நல்ல இரை கொடுத்து வாங்குவோம். கலே ஒரு போல்ட் தந்தாள், இறால் கொடுத்தோம். சில நாள் கழித்து இன்னொன்று. பிறகு மூன்றாவது. பழைய பாறை ஒன்றை முந்தின பனிக்காலத்தில் பெயர்த்து எடுத்திருந்தார்கள். அப்போது கீழே விழுந்த போல்ட்டுகள் என்று எல்லோரும் நினைத்தோம். அளவும் அதே அளவுதான். "துப்புரவுப் பணிக்கு இவளைச் சேர்த்துவிடலாம்," என்று ஜினெட்கூடச் சிரித்தார். போல்ட்டுகளை ஒரு வாளியில் போட்டு வைத்தோம்.

பூஷோன் சுழியோடக் கற்றுக்கொண்டிருந்தான். முதலில் தலை மட்டும் உள்ளே போகும். பின்பக்கம் மேலே நின்று உதைக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினான். அவனிடம் ஒரு மஞ்சள் வளையம் இருந்தது, விளையாட்டுச் சாமான். அதைப் போடுவதும் பிடிப்பதுமாக இருந்தான். ஒருநாள் அந்த வளையத்தைக் காணவில்லை. பாறைக்குப் பின்னால் போய்ப் போய் வந்தான். கையை நீட்டியபடி அந்த மூலையில் அரைவாசி தெரிந்தும் தெரியாமலும் ஆடுவான். பார்வையாளர்கள் அதைப் பார்த்து, நடனம் ஆடுகிறான் என்று படம் பிடித்தார்கள். நானும் பார்த்துச் சிரித்தேன். இன்றைக்கும் என்னால் மறக்க முடியாதது அந்தச் சிரிப்புத்தான்.

ஒரு பிற்பகல், குளத்தின் விளிம்பில் குந்திக்கொண்டு, கலேயின் ஈரத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அவசரத்தில் ஒரு சிப்பியைத் திறக்காமல் போட்டுவிட்டார்கள். கலே அதைப் பிடித்தாள். இடது அக்குளுக்குள் கையை விட்டாள். எதையோ எடுத்து மார்பில் வைத்து அடித்தாள்.

டக் என்று கேட்கவில்லை. டிங் என்று கேட்டது.

மூன்று தந்தவள் ஒன்றைத் தனக்கென்று வைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அது இருந்த இடத்தில்தான் மயிரும் நனைந்திருந்தது.

வாளியைத் தூக்கிக்கொண்டு பம்பு அறைக்குப் போனேன். அங்கே சிவம் அண்ணை இருந்தார். எங்கள் தண்ணீரை எல்லாம் பார்த்துக்கொள்பவர், வல்வெட்டித்துறைக்காரர், செயின்ட் மிஷேலிலிருந்து வருகிறவர்.

"அண்ணை, இதில ஒருக்கா கையை வைச்சுப் பாருங்கோ. எண்ணெய் மாதிரிக் கிடக்கோ?"

"உங்கட ஆளுக்கு இப்ப போல்ட்டும் சமைச்சுக் குடுக்கிறியளோ?" என்றபடி ஒன்றை எடுத்தார். விரலால் மரையை உரசினார். இரண்டு விரலையும் சேர்த்துப் பிரித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"தங்கச்சி, இது பாறைப் போல்ட் இல்லை. பாறைக்கு ஒருத்தரும் கிறீஸ் பூசேல்லை."

"அப்ப?"

"வடிகால் மூடிக்குப் பூசினது. உப்பில இறுகாமல் இருக்கட்டும் எண்டு நான்தான் பூசினனான்."

"அந்த மூடிக்கு எத்தனை அண்ணை?"

"நாலு."

அவர் ஓடி நான் அன்றுதான் பார்த்தேன். பம்பின் இரைச்சல் நின்றது. அந்தக் கட்டடத்தில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. குளத்துக்கு ஓடிவந்தபோது கலே, குட்டியின் கழுத்தைக் கவ்வி மார்பில் இழுத்துப் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இரைச்சல் நின்றது அவளுக்கும் பிடிக்கவில்லை. அதைக் கண்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஜினெட் வந்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டார்.

பிரச்சினை முடிந்துவிடவில்லை என்று சிவம் அண்ணைதான் சொன்னார். "நெடுக நிப்பாட்டி வைக்கேலாது. தண்ணி பழுதாப் போடும்." பம்பு ஓடினால் திறந்த வடிகால் குட்டியை இழுக்கும். ஓடாவிட்டால் இரையின் கொழுப்பும் கழிவும் மேலே படலமாக மிதக்கும். ஏற்கனவே தோல் நனைந்திருக்கும் தாய்க்கு அது போதும். மூடியைப் பூட்டச் சுழியோடி இறங்க வேண்டும். அவர் இறங்க, தாயும் பிள்ளையும் பக்கத்துச் சிறு குளத்துக்குப் போக வேண்டும். குட்டி பிறந்த பிறகு கலே இரண்டு குளத்துக்கும் இடையிலுள்ள படலைக் கதவைக் கடந்ததே இல்லை. வலை போட்டுப் பிடித்தால் குட்டியை விட்டுவிடுவாளோ என்ற பயம்.

சிறு குளத்தின் விளிம்பில் நான் இறாலோடு குந்தினேன். கலே பார்த்தாள். வரவில்லை. நண்டு காட்டினேன். அதற்கும் வரவில்லை.

"என்னை உதைக் காட்டிக் கூப்பிட்டிருந்தால் இப்ப ரெண்டு தரம் வந்து போயிருப்பன்," என்றார் சிவம் அண்ணை. பிறகு, தான் கிறீஸ் பூசாமல் விட்டிருந்தால் அவளால் போல்ட்டைத் திருகியிருக்க முடியாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாங்கள் கடதாசித் துவாய்களை விரித்துத் தண்ணீரின் மேல்படலத்தை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தோம். கலேயின் மார்பு லேசாக நடுங்கத் தொடங்கியது. நீர்நாய் குளிரில் நடுங்குவதை அன்றுதான் கண்டேன். அவளுடைய நடுக்கத்தில் குட்டியும் சேர்ந்து ஆடியது.

ஜினெட் எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் அந்தக் கறுப்புக் கல் இருந்தது. சன்னலில் இருந்த தூசியைக் கழுவியிருந்தார்.

"நாம் இதை எடுத்தோம். அதனால்தான் அவள் வேறொன்றைத் தேடினாள்," என்றார். "கூப்பிடு. உன் கையைத்தான் அவளுக்குத் தெரியும்."

கல்லைச் சிறு குளத்தின் சீமெந்து விளிம்பில் தட்டினேன். டக். டக். கலே தலையைத் தூக்கினாள். திரும்பத் தட்டினேன். குட்டியை மார்பில் வைத்தபடியே, பின்காலால் உதைத்து உதைத்து, மல்லாந்தபடி வந்தாள். படலையில் நின்றாள். மோந்து பார்த்தாள். நான் தட்டுவதை நிறுத்தி, கல்லை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

வந்தாள். கல்லை வாங்கினாள். முகத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இடது அக்குளுக்குள் கையை விட்டுப் போல்ட்டை எடுத்தாள். எனக்குத் தரவில்லை. அப்படியே நழுவ விட்டாள். இனித் தேவையில்லாத ஒன்றை விடுவதுபோல. கல்லை அந்த இடத்தில் செருகினாள். பின்னால் ஜினெட் படலையைச் சத்தமில்லாமல் இறக்கினார்.

சுழியோடி இறங்கினார். ஒரு மூலை தூக்கிக்கொண்டு மூடி சரிந்து கிடந்ததாம். கீழே வடிகால் குழிக்குள் கையை விட்டுத் துழாவி, ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். மஞ்சள் வளையம்.

பூஷோன் அந்த மூலையில் நடனம் ஆடவில்லை. அவனுடைய வளையம் போன வழியில் கையை விட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். தண்ணீர் அந்தக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. அந்த இழுவை அவனுக்கு விளையாட்டாக இருந்திருக்கிறது. பஞ்சுமயிரில் மிச்சமிருந்த காற்றுத்தான் ஒவ்வொரு தடவையும் அவனை மேலே தூக்கிவிட்டது என்று நினைக்கிறேன். அந்த மயிர் நாளுக்கு நாள் உதிர்ந்துகொண்டிருந்தது. இன்றும் என் வீட்டில் குளியல் தொட்டித் தண்ணீர் வடியும் சத்தம் கேட்டால் நான் அறையை விட்டு வெளியே போய்விடுவேன்.

கலேயின் ஈரத் திட்டைச் சிறு குளத்தில் வைத்துக் கழுவிக் காயவைத்தோம். சில நாளில் காற்று திரும்ப ஏறியது. பூஷோன் வளர்ந்து இப்போது மேற்குக் கரையில் வேறொரு காட்சியகத்தில் இருக்கிறான்.

கலே ஏன் போல்ட் கழற்றினாள் என்று நாங்கள் பிறகு நிறைய வாதாடினோம். இறாலுக்காக என்று சிலர் சொன்னார்கள். மூன்றுக்கு அது சரியாக இருக்கலாம். நான்காவதுக்கு எத்தனை இறாலும் போதாது. சிப்பியை நாங்கள் திறந்து கொடுத்தபோதும் அவளுக்கு உடைக்க ஒரு கல் வேண்டியிருந்தது. அது கையின் தேவையா, பழக்கமா, சந்தோஷமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இப்போதும் ஆசை.

வடிகாலை மூடிய அன்று மாலை வீட்டுக்குப் போய் மகளுக்கு எல்லாம் சொன்னேன். சோறு தின்றபடி கேட்டாள். முடிந்ததும், "அம்மா, நான் ஒண்டு சொன்னால் கோபிக்க மாட்டியளோ?" என்றாள்.

"சொல்லு."

"சைக்கிளைப் பூட்டினதில இருந்து நான் பக்கத்து வீட்டுப் பொடியன்ர ஸ்கூட்டரில போறனான். அதுக்குப் பிரேக் இல்லை."

நிலவறைப் பூட்டின் திறப்பை எடுத்துக் கொடுத்தேன். என் கணவர் தலைக்கவசத்தைத் தேடிக் கொடுத்தார்.

ஹரிணி, கல்லை எடுக்கச் சொன்னால், கண்ணாடியில் விழுகிற கீறலைத் தேய்த்து எடுக்க ஆள் உண்டு என்று அவர்களுக்குச் சொல்லு. கேட்காவிட்டால் இதை வாசிக்கக் கொடு.

இன்னொன்று. சுழியோடி வளையத்தோடு மேலே வந்தபோது ஜினெட் மேலே எங்களோடு இல்லை. கீழே, பார்வையாளர் பக்கத்தில், கண்ணாடியோடு நின்றுகொண்டிருந்தார். அவர் போன பிறகு நான் அங்கே போனேன். கலே போட்ட கீறல்களுக்கு மேலே அவருடைய இரண்டு உள்ளங்கைகளும், பத்து விரலும், ரேகையோடு பதிந்திருந்தன. காட்சியகத்தை மூடுவதற்கு முன் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. அன்று நான் துடைக்கவில்லை.